மண் சுவரும் பலகைச் சுவரும்: எதைக் காப்பது லேசு?

கன்னியாகுமரி ஜில்லாவில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு வகைச் சுவர்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, செம்மண்ணைக் குழைத்துப் படை படையாக ஏற்றிய மண் சுவர். இன்னொன்று, பலா அல்லது அயனிப் பலகையைச் சட்டத்தில் இறக்கிப் பூட்டிய மரச் சுவர். ஒரே வீட்டில் நெல் போடும் அறை பலகையிலும் மற்றதெல்லாம் மண்ணிலுமாக இருப்பதும் உண்டு. இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டப் போகிறவர்களை விடுங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் இந்த அலசல்.

பார்த்த உடனே பலகைச் சுவர்தான் உசத்தி என்று தோன்றும். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் பத்மநாபபுரம் அரண்மனை மரவேலையோடு நிற்கிறதே என்பார்கள். நிற்கிறதுதான். ஆனால் அங்கே கேரளத் தொல்லியல் துறை ஆள் வைத்துப் பராமரிக்கிறது. நம் வீட்டுக்கு நாம்தான் துறை.

பலகைச் சுவரின் பெரிய வசதி, அதைக் கழற்றிப் பூட்டலாம். கெட்ட பலகையை மட்டும் உருவி மாற்றலாம். கேடு பெரும்பாலும் மழைத்தண்ணீர் தெறிக்கும் கீழ்ச்சட்டத்தில்தான் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புட்டில் குத்தியதுபோல இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. முழுச் சட்டத்தையும் மாற்றச் சொல்கிற ஆசாரியைவிட, கெட்ட பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப்போட்டு ஆப்பு அடிக்கிற ஆசாரி நல்லவர். பூச்சு என்று வந்தால் எனாமல் பெயிண்டைவிட, முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் அண்டி எண்ணெய்க்கே என் ஓட்டு. பெயிண்ட் தோல்போல மூடும். வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. அண்டி எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், கரையானும் லேசில் நெருங்காது. மரம் கறுத்துவிடும், கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

கழற்றலாம் என்பதே அதற்கு வினையும்கூட. கழற்ற முடிந்தால் விற்கவும் முடியும். சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவில் நிற்கும் கேரள வீடுகள் பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டியவைதான். அங்கே வீடாகவாவது நிற்கின்றன. பழைய மர வியாபாரியிடம் போனால் கதவு ஒரு ஊருக்கு, தூண் ஒரு ஊருக்கு.

மண் சுவரை வாங்க ஆளில்லை. அதற்கு வருகிற ஆபத்து வேறு: சிமெண்ட். பூச்சு உதிர்ந்ததும் கொத்தனார் சொல்லும் முதல் வழி, கம்பிவலை அடித்து சிமெண்ட் பூசுவது. இரண்டு வருஷம் ஜோராக இருக்கும். மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுக் காயும். அதுதான் அதன் இயல்பு. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற ஜில்லாவில் சுவருக்குக் காயக் கிடைக்கும் நாட்களே கம்மி. விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் சிமெண்ட் தனியாக, மண் தனியாக நிற்கிறது. வலை சிமெண்டைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் மண் கரைவது தெரியாமலே போகும்.

சுண்ணாம்புச் சாந்து அப்படி அடைக்காது. ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, பழைய சுவரை நனைத்துப் பூசி, நிழலில் மெதுவாக இறுக விடவேண்டும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் அதைக் கையாளத் தெரிந்த கொத்தனாரும் கிடைப்பதுதான் பாடு. ‘சீக்கிரம் இறுக ஒரு சட்டி சிமெண்ட் சேர்க்கட்டுமா’ என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மண் பூச்சு எல்லாவற்றிலும் மலிவு. சுவரிலிருந்து உதிர்ந்த மண்ணையே சலித்து, மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் புளிக்க விட்டால் போதும். காய்ந்து வெடித்தால் மணல் போதவில்லை என்று அர்த்தம். கைப்பட்டதும் உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது. வீட்டில் உள்ளவர்களே பூசலாம். ஆனால் சாரல் நேராக அடிக்கும் மேற்குப் பக்கம் தாங்காது. ஆகவே இறவாரத்துக்கு அடியில் மண் பூச்சும் அதன் மேல் வெள்ளையும், மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தும் என்று பிரித்துக்கொள்வேன்.

முற்றத்தில் இண்டர்லாக் கல் பதித்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வீட்டில் எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் அதைத் தோண்டித் தாழ்த்தி, தண்ணீர் ஓட வழி விடுங்கள்.

என்னைக் கேட்டால், காப்பதற்கு லேசு மண் சுவர்தான். மரத்துக்கு ஆசாரியும் வேண்டும், நல்ல மரத்தடியும் வேண்டும், இரண்டுமே விலை. ஒரு விஷயத்தில் மட்டும் மரம் பொறுக்கும், மண் பொறுக்காது: கூரை ஒழுக்கு. நனைந்த பலகை காய்ந்துகொள்ளும். மேலிருந்து நனைந்த மண் சுவர் கரைந்து சரியும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்ததுபோல இன்னொரு காற்று வந்து ஓடு பறந்தால், தார்ப்பாயை முதலில் மண் சுவரின் தலையில் போடுங்கள். பூச்சு வேலையைத் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஓட்டைப் பிரித்து மேய்ந்துவிட வேண்டும்.