வெளியூர் மேட்ச் குடும்பப் பயணத் திட்டம்: ஆறு முறை போனோம், ஒரு வெற்றிகூட இல்லை

எங்கள் கால்பந்து டீமின் ரசிகர் சங்கம் நடத்துகிற குடும்பப் பயணத் திட்டத்தில் சேர்ந்து இந்த சீசன் ஆறு வெளியூர் மேட்சுக்குப் போய் வந்தோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய என் அப்பா. போகவர பஸ், டிக்கெட், ஸ்டேடியத்துக்குள் கூடவே இருக்கும் ஒரு தன்னார்வலர், எல்லாம் ஒரே கட்டணத்தில். நான்கு தோல்வி, இரண்டு டிரா. டீம் தோற்றதற்காக நட்சத்திரத்தைக் குறைக்கப் போவதில்லை, அது பஸ் விடுகிறவர்கள் கையில் இல்லை. ஆனால் இந்த மாதிரி சேவை எவ்வளவு நல்லது என்பது தோற்கிற நாளில்தான் தெரியும். ஜெயித்திருந்தால் மழையில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் பாடிக்கொண்டே நின்றிருப்போம்.

பஸ்ஸைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவார்கள், அப்பாவுக்கு முன் சீட்டைக் கேட்காமலே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பிரச்சினை சீட்டில்தான். வெளியூர் ரசிகர்களுக்கு எந்த ஸ்டேடியத்திலும் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ நடத்தும் போட்டிகளிலேயே மொத்த இடத்தில் குறைந்தது ஐந்து சதவீதம் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. அந்தக் கொஞ்ச இடமும் பெரும்பாலும் கோலுக்குப் பின்னாலோ மூலையிலோ இருக்கும். இது தெரிந்துதான் போனோம். எனக்கு வருத்தம் என்னவென்றால், குடும்பத்தோடு வருகிறவர்களை அந்தப் பகுதியின் நட்டநடுவில், தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார வைத்ததுதான். அவர்கள் நிற்பதைத் தப்பு சொல்ல மாட்டேன், அந்தக் குரல் இல்லாவிட்டால் வெளியூர் மேட்ச்சுக்குப் போவதில் பாதி சந்தோஷம் போய்விடும். ஆனால் முதல் பயணத்தில் ஆறாவது நிமிடத்தில் வாங்கிய கோலை என் மகள் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் கிளம்பிய சத்தத்தைக் கேட்டுத்தான் "நமக்கா அவங்களுக்கா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, அவர் உட்கார்ந்தபடியே முன்னால் இருந்தவர்களின் ஜெர்சி முதுகைப் பார்த்துக்கொண்டு, சத்தத்தை வைத்து மேட்சைத் தொடர்ந்தார். அந்த மேட்ச் 3-0, அதில் ஒரு கோலைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை.

மூன்றாவது பயணத்திலிருந்து முன்வரிசை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கேட்டேன், கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் தட்டையாகத் தெரியும், தூரத்து கோல் பக்கம் நடப்பது சரியாகப் புரியாது. இருந்தாலும் குழந்தையோடு போகிறவர்கள் தயங்காமல் அதையே கேளுங்கள். அன்றைக்கு 2-1 என்று தோற்று, பாதி ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நேரே உள்ளே போய்விட்டார்கள், கோல்கீப்பர் மட்டும் எங்கள் பக்கம் நடந்து வந்து கைதட்டிவிட்டு என் மகளைப் பார்த்துக் கையசைத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் அதைத்தான் பேசினாள்.

அடுத்த குறை, மேட்ச் முடிந்த பிறகு வரும் காத்திருப்பு. உள்ளூர் ரசிகர்கள் கலைந்து போகிற வரைக்கும் வெளியூர்க்காரர்களை உள்ளேயே வைத்திருப்பது பல இடங்களில் வழக்கம், பாதுகாப்புக்காக, அதைப் புரிந்துகொள்கிறேன். எங்களை நாற்பது நிமிடம் வைத்திருந்தார்கள், கடையை மூடிவிட்டார்கள், குளிர் வேறு. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல ஆளில்லை, கூட வந்த தன்னார்வலர் பஸ்ஸைப் பார்க்க முன்னாலேயே வெளியே போயிருந்தார். கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து கோல் வாங்கி 1-1 ஆன மேட்ச் அது, எல்லாருக்கும் மனசு விட்டுப்போயிருந்த நேரம், என் மகள் அழுதே விட்டாள். "ஏன் தாத்தா வெளியூர்ல மட்டும் இப்படி ஆகுது?"

அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். 2020-ல் கொரோனா நேரத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடினார்கள் இல்லையா, மே மாதம் ஜெர்மனியின் முதன்மை லீக்கான புண்டெஸ்லிகா திரும்பத் தொடங்கியபோது சொந்த ஊர் டீம்கள் ஜெயிப்பது சட்டென்று குறைந்தது, கூட்டத்தின் சத்தம் ஆடுகிறவர்களையும் ரெஃப்ரியையும் அவ்வளவு பாதிக்கும் என்றார். அப்புறம் பழைய வெளியூர் கோல் விதிக்குப் போய்விட்டார். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடும் இரண்டு மேட்சின் மொத்த ஸ்கோரும் சமமாக இருந்தால் வெளியூரில் அதிகம் கோல் போட்ட டீம் மேலே போகும் என்று 1965-ல் ஐரோப்பியப் போட்டியில் கொண்டுவந்த விதி, 2021-ல் யூஇஎஃப்ஏ அதை எடுத்துவிட்டது. அப்பாவுக்கு இன்றைக்கும் அதில் கோபம். "வெளியூர்ல ஒரு கோல் போடுறது எவ்வளவு கஷ்டம்னு இப்போ நீயே பாத்துட்டே இல்ல?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் டீம் போட்ட அந்த ஒரு கோலை அவருக்குத் திரும்ப விவரிக்கத் தொடங்கினாள்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சங்கத்துக்குக் கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, சாக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த பயணத்திலிருந்து தன்னார்வலர் கடைசி ஆள் பஸ் ஏறும் வரை எங்களோடேயே இருந்தார், கதவு எப்போது திறக்கும் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு வந்து சொன்னார், சின்னப் பிள்ளைகளுக்குப் போர்வை கொடுத்தார். அதே குளிர், அன்றைக்குத் தோல்வி வேறு, ஆனால் யாரும் எரிச்சல்படவில்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். முன்வரிசையைக் கேட்காமலே குடும்பங்களுக்கு ஒதுக்கினால் ஐந்தும் தருவேன். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இப்போதைக்கு வேண்டாம், திரும்பும் பயணம் ரொம்ப நீளம். தண்ணீர் பாட்டில் மூடியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் பாதி குடித்துவிட்டுப் போங்கள். அடுத்த சீசனுக்கு நான்கு பேருக்கும் பதிவு செய்துவிட்டோம், அப்பாதான் முதலில் பணம் எடுத்து நீட்டினார்.