ஆறு வருடமாகத் திரையில் பழைய காமிக்ஸ்

1940கள், 50களின் அமெரிக்க காமிக்ஸ்களைத் திரையில் படிக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. 1964க்கு முன் அங்கே வெளியானவற்றுக்கு 28ஆம் வருடத்தில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. பல பதிப்பகங்கள் புதுப்பிக்கவில்லை. அதனால் அவை பொதுச் சொத்தாகிவிட்டன. டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ் போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் இரண்டு வருடம் போனில் படித்தேன். அதைப் படித்த கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. முழுப் பக்கமும் தெரிந்தால் எழுத்து தெரியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் காணாமல் போகும். ஒவ்வொரு கட்டமாகக் காட்டும் வசதி செயலிகளில் உண்டு. ஆனால் மேலே மூன்று சின்னக் கட்டங்களில் துரத்தல், கீழே அரைப் பக்கத்துக்கு ஒரு பெரிய வீழ்ச்சி என்று ஓவியர் யோசித்து வரைந்திருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. அந்த வீழ்ச்சி விழவே விழாது.

அப்புறம் 10 அங்குல டேப்லெட், இப்போது 13 அங்குலம். அந்தக் காலப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 19.5 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். 4:3 விகிதத்தில் உள்ள 13 அங்குலத் திரையும் கிட்டத்தட்ட அதே அளவு. முதல் நாள் ஒரு பக்கத்தைத் திறந்ததும், இத்தனை நாள் புத்தகத்தின் புகைப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. வாங்குகிறவர்கள் திரையின் கூர்மையைவிட அளவையும் விகிதத்தையும் முதலில் பாருங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் என் கருத்து மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் காகிதத்தைப் பளிச்சென்று வெளுத்த பிரதிகளைத் தேடித் தேடி எடுத்தேன். இப்போது அவற்றைத் தொடுவதில்லை. அந்த அச்சில் வெளிர் நிறங்கள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். முகத்தின் நிறம்கூட அப்படித்தான். வெளுக்கும்போது மஞ்சளோடு அந்தப் புள்ளிகளும் போய், முகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். பழுப்பேறிய பக்கம் அப்படியே இருக்கட்டும், திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் கண்ணுக்கும் இதம். படத்தில் அலை அலையாகக் கோடுகள் தெரிந்தால் ஸ்கேனைச் சந்தேகிக்க வேண்டாம். புள்ளிகளைத் திரைக்கேற்பச் சுருக்குவதால் வருவது அது, பெரிதாக்கினால் மறைந்துவிடும்.

விளம்பரங்களை வெட்டிய பிரதிகளும் வேண்டாம். நடுவே படமில்லாமல் இரண்டு பக்கச் சிறுகதை ஒன்று வருமே, அதை முன்பெல்லாம் தாண்டிவிடுவேன். குறைந்த தபால் கட்டணச் சலுகைக்காகப் பதிப்பகங்கள் சேர்த்த பக்கங்கள் அவை என்று தெரிந்த பிறகு விடாமல் படிக்கிறேன். சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன.

கோப்புகள் பற்றி ஒன்று மட்டும். இந்தக் காமிக்ஸ்கள் பெரும்பாலும் வரும் சிபிஇசட் (.cbz) கோப்பு என்பது பக்கப் படங்களைக் கட்டிவைத்த, பெயர் மாற்றிய ஜிப்தான். பக்கம் 1க்குப் பிறகு 10 வந்து கதை குழம்பினால் பிரித்து, 001, 002 என்று பெயரிட்டு மறுபடி கட்டிவிடலாம்.

இதில் தீராத குறை நடுத்தையல்தான். புத்தகத்தைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்தால் உள் ஓரத்து வசனங்கள் பாதி மடிப்புக்குள் போய்விடுகின்றன. பின்னைக் கழற்றி, தாள் தாளாக வைத்து எடுத்தவர்களின் பிரதியைத் திறந்ததும் தெரிந்துவிடும். காணாத பக்கங்களையும் இவர்கள்தான் வேறு கிழிந்த பிரதிகளிலிருந்து தேடி ஒட்டுகிறார்கள். கடைசித் தாள் இல்லாத ஒரு துப்பறியும் கதையை மூன்று வருடமாக வைத்திருந்தேன். போன மாதம் யாரோ அந்தத் தாளைச் சேர்த்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். முடிவை மட்டும் பார்க்க மனமில்லாமல், முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.