கேடி வெப் சர்வர்: ஒரு சமூக மன்றப் பதிவுத் தளத்தில் ஓராண்டு

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு பேர் வேலை முடிந்து வந்து இரவில் பார்த்துக்கொள்ளும் சின்னத் தளம் என்றால், அதன் முன்னால் நிறுத்த கேடி போல வசதியான வெப் சர்வரை (உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் செயலிக்குக் கொடுக்கும் மென்பொருள்) நான் பார்த்ததில்லை. ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன், தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டைக் காட்ட உதவும் பாதுகாப்புச் சான்றிதழ் விஷயத்தில் ஒருநாள்கூடத் தூக்கம் கெடவில்லை. ஆனால் பின்னால் ஓடும் செயலிக்காக நாம் யோசிக்க வேண்டியதையும் சேர்த்து அது யோசித்துவிடாது. எங்களுக்கு அடி விழுந்தது அந்த இடத்தில்தான்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி நடக்கும் கதைசொல்லும் போட்டிக்கான பதிவுத் தளம். பெற்றோர் பிள்ளையின் பெயர், பள்ளி, தொடக்கநிலை எத்தனை என்பதையெல்லாம் நிரப்பி, இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றையும் ஏற்றுவார்கள். அடையாள அட்டை எண் கேட்பதில்லை. சட்டம் கேட்கும் இடம் போன்ற சில சூழல்களைத் தவிர அதை வாங்கக் கூடாது என்பது 2019 செப்டம்பரிலிருந்தே இங்கே நடைமுறை. இருந்தாலும் சின்னப் பிள்ளைகளின் பெயரும் குரலும் பூட்டு இல்லாத இணைப்பில் போகக் கூடாது என்பதில் தொண்டூழியர்கள் எல்லோருமே உறுதியாக இருக்கிறோம். செயலி ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது, அதை ஓட்டுவது கூனிகார்ன் என்ற மென்பொருள், எல்லாம் சிங்கப்பூரில் உள்ள தரவு மையம் ஒன்றில் 1 ஜிபி நினைவகம் கொண்ட வாடகை சர்வரில் இருக்கிறது.

கேடிக்கு முன் இரண்டு ஆண்டு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருந்தோம். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2004இலிருந்து உலகத்துப் பெரிய தளங்களைத் தாங்கி நிற்கும் மென்பொருள் அது. ஒலிப்பதிவு ஏற்றுவதில் 413 என்று பிழை வந்ததுகூட, அனுப்பும் கோப்பு 1 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்ற அதன் இயல்பான எல்லையை நாங்கள் மாற்ற மறந்ததால்தான். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, பதிவு முடிய இரண்டே நாள் இருக்கும்போது, ஒருங்கிணைப்பாளர் அக்கா அழைத்தார். "தம்பி, பக்கத்தைத் திறந்தா பாதுகாப்பு இல்லைன்னு வருது, பெற்றோர் எல்லாம் இது மோசடியான்னு கேக்குறாங்க." இந்த ஊரில் மோசடி எச்சரிக்கைகளைத் தினமும் பார்க்கிற மக்கள், அப்படி ஒரு திரையைப் பார்த்தால் உடனே மூடிவிடுவார்கள். அதுதான் சரியும்கூட.

நடந்தது இதுதான். சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட் என்ற கருவி நேரத்துக்குப் புதுப்பித்து வட்டில் எழுதிவிட்டது, ஆனால் புதுப்பித்தபின் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யச் சொல்லும் ஒரு வரியை நாங்கள் அமைப்பில் எழுத மறந்திருந்தோம். அதனால் அது நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் காலாவதியாகிவிட்டது. ஒரு கட்டளையில் சரியானது. ஆனால் அன்று காலை படிவத்தை மூடிவிட்டுப் போன பெற்றோரில் எத்தனை பேர் திரும்பி வரவில்லையோ என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அப்புறம்தான் கேடிக்கு மாறினோம். (பெயரைச் சொன்னதும் அக்கா தயங்கினார், தமிழில் அதன் பொருள் அப்படி!) கோ மொழியில் எழுதிய சர்வர், 2015இல் வெளிவந்தது, 2020இல் இரண்டாம் பதிப்பாக முழுக்கத் திருத்தி எழுதினார்கள். கன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை எழுதி, அடைப்புக்குறிக்குள் ரிவர்ஸ் பிராக்ஸி (வருவதைப் பின்னால் அனுப்பு) என்று போட்டு 127.0.0.1:8000 என்று கூனிகார்னின் முகவரியைக் கொடுத்தால் போதும். சான்றிதழைத் தானே கேட்டு வாங்கும், காலத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே புதுப்பிக்கும், புதியதைத் தானே பயன்படுத்தத் தொடங்கும். எங்களை மாட்டிவிட்ட அந்த விட்டுப்போன வரிக்கு இங்கே இடமே இல்லை. டொமைன் சர்வரைச் சுட்ட வேண்டும், இணைய வரத்துக்கான 80, 443 இரண்டு போர்ட்டும் (சர்வரின் வாசல்கள்) திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது இனிமேல் இன்னும் முக்கியம். சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் இயல்பாக 90 நாள்தான், காலாவதி நினைவூட்டும் மின்னஞ்சலையும் 2025 ஜூனில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு, 2029 மார்ச் முதல் எந்த நிறுவனம் கொடுத்தாலும் பொதுச் சான்றிதழ் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கலாம் என்று இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே மாறுங்கள்.

சரி, அடி விழுந்த கதைக்கு வருகிறேன். மாறிய பின் வந்த பதிவில், மாலை ஆறு மணி வாக்கில் தளம் அப்படியே நின்றுவிடும், சிலருக்கு 502 (பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வரும், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகும். கூட்டமும் பெரிதில்லை, சர்வரில் சுமையும் இல்லை. இரண்டு நாள் புரியவில்லை. கூனிகார்னின் பதிவேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான் 'வொர்க்கர் டைம்அவுட்' (கோரிக்கையைக் கவனிக்கும் புராசஸுக்கு நேரம் முடிந்தது) என்று வரிசையாக இருப்பதைப் பார்த்தேன். வேலை முடிந்து பெருவிரைவு ரயிலில் வரும் அம்மாக்களும் அப்பாக்களும் ரயிலில் இருந்தபடியே ஒலிப்பதிவை ஏற்றுகிறார்கள். சுரங்கப் பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் 2 எம்பி கோப்பு சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேர்கிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாகவே அந்தக் கோப்பை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் செயலிக்குத் தள்ளும். கேடி வரவர அப்படியே பின்னால் அனுப்பிவிடும். எங்கள் கூனிகார்னில் சாதாரண சிங்க் வகை வொர்க்கர் மூன்று இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்கும், 30 வினாடிக்குள் முடியாவிட்டால் மேலாளர் புராசஸ் அதைக் கொன்றுவிடும். ஆக மூன்று பேர் ஒரே நேரத்தில் சுரங்கத்துக்குள் இருந்தால் மற்ற எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கூனிகார்னின் ஆவணத்திலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது: என்ஜின்எக்ஸ் வையுங்கள், வேறு எதையாவது வைத்தால் மெதுவான இணைப்புகளை அது தாங்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள் என்று. தீர்வு இரண்டு வழியில் உண்டு. கேடியிலேயே இவ்வளவு அளவு வரை வாங்கி வைத்து அனுப்பு என்று ஒரு வரி போடலாம், அல்லது கூனிகார்னில் த்ரெட் (ஒரு வொர்க்கருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகள்) எண்ணிக்கையைக் கூட்டலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்: 2 வொர்க்கர், ஒவ்வொன்றுக்கும் 4 த்ரெட். த்ரெட் வகையில் அந்த 30 வினாடிக் கணக்கு ஒரு தனிக் கோரிக்கையின் நீளத்தைப் பார்ப்பதில்லை, அதனால் மெதுவாக ஏற்றுபவரையும் பாதியில் வெட்டாது.

இன்னும் சில விஷயங்கள். படமும், பக்கத்துக்கு அழகு தரும் சிஎஸ்எஸ் கோப்பும் 403 (அனுமதி இல்லை) என்று வந்தால் கேடியைத் திட்டாதீர்கள். உபுண்டு என்ற லினக்ஸில் 21.04 பதிப்பிலிருந்து பயனரின் வீட்டுக் கோப்புறையின் அனுமதி 750 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் திறக்கலாம்), அதற்குள் இருக்கும் கோப்பை வேறு பயனராக ஓடும் வெப் சர்வரால் படிக்க முடியாது, என்ஜின்எக்ஸ் வைத்தாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட ஸ்டேட்டிக் (மாறாத) கோப்புகளை வீட்டுக் கோப்புறைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் கேடியை வைத்தால், சான்றிதழ் இருக்கும் அதன் டேட்டா கோப்புறையை நிரந்தர வால்யூமில் (பெட்டி அழிந்தாலும் அழியாத சேமிப்பிடம்) போடுங்கள், இல்லையென்றால் கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம் புதுச் சான்றிதழ் கேட்கும், அதே பெயர்களுக்கான சான்றிதழ் வாரத்துக்கு 5 என்ற லெட்ஸ் என்கிரிப்ட்டின் எல்லையில் போய் முட்டும். தளத்துக்கு யார் வந்தார்கள் என்ற பதிவேட்டைக் கேடி தானாக எழுதாது, ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் நாளே சேருங்கள்.

எனக்கு உண்மையாகவே பிடிக்காதது ஒன்று. ஒருவரே திரும்பத் திரும்பப் படிவத்தை அனுப்பினால் தடுக்கும் வேகக் கட்டுப்பாடு என்ஜின்எக்ஸில் உள்ளேயே இருக்கிறது. கேடியில் அதற்குத் தனி மாட்யூல் (கூடுதல் நிரல்) சேர்த்துக் கேடி மென்பொருளையே புதிதாகக் கட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் அந்த வேலை நம் தலையில். இவ்வளவு அடிப்படையான ஒன்று கூடவே வந்திருக்க வேண்டும். நாங்கள் அதைச் செயலிக்குள்ளேயே எழுதிக்கொண்டோம். நினைவகமும் என்ஜின்எக்ஸைவிடக் கூடுதலாகத்தான் எடுக்கிறது, எங்கள் அளவுக்கு அது பொருட்டில்லை. அலுவலகத்தில் என்ஜின்எக்ஸ் நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால், ஏற்கெனவே ஓடுவதைக் கலைக்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அந்த அரை வேகக் கட்டுப்பாட்டுக்காகக் கழித்தது. இந்த ஆண்டுப் பதிவின் கடைசி நாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை பதிவேட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், 502 ஒன்றுகூட வரவில்லை. எட்டரைக்கு அக்கா அழைத்தார். நடுவர்களுக்கு அனுப்ப ஒலிப்பதிவுகளை வகுப்பு வாரியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார்.