நெட் இல்லாமலே ஓடுற டிஜிட்டல் வகுப்பு: ரங்கூன் கோவில் தமிழ் வகுப்புல கொலிப்ரி, ராஸ்பெர்ரி பை அனுபவம்

ரங்கூன்ல ஒரு கோவில் மண்டபத்துல சனி ஞாயிறு நடக்குற தமிழ் வகுப்புக்கு டெக்னிக்கல் வேலை எல்லாம் நான்தான் பாத்துக்குறேன். பாடம் எடுக்குறது அக்காமாருங்க, போன் ரிப்பேர், டவுன்லோடு, ஒயரிங் இதெல்லாம் என் பொறுப்பு. 2021 கடைசியில இருந்து ராஸ்பெர்ரி பைன்னு கையடக்க கம்ப்யூட்டர் ஒண்ணுல கொலிப்ரி சாஃப்ட்வேர் போட்டு, நெட்டே இல்லாம வகுப்பை ஓட்டிக்கிட்டு இருக்கோம். பர்மாவுலயே பெகு, மோல்மீன் ஊர்ப் பக்கம் வகுப்பு நடத்துறவங்க நிறைய பேர் என்ன செட்டப்பு, எவ்வளவு நாள் தாங்குது, பிள்ளைங்க உண்மையிலேயே படிக்கிறாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒரே இடத்துல எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க நிலைமை தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். 1962-க்கு அப்புறம் தனியார் பள்ளிக்கூடம் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதோட தமிழ்ப் பள்ளிக்கூடமும் போச்சு, லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க கப்பல் ஏறிட்டாங்க. இங்கேயே தங்கிட்டவங்க தமிழைக் கோவில்லயும் வீட்லயும்தான் வச்சுக் காப்பாத்துனாங்க. அதனால எங்க வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க எல்லாரும் ஸ்கூல்ல பர்மிய மொழியில படிக்கிறவங்க, தமிழ் பேசுவாங்க, சில பேர் அரைகுறையா பேசுவாங்க, எழுத்து மட்டும் சுத்தமா தெரியாது. வாரத்துக்கு ரெண்டு காலை வேளைதான் எங்க கையில இருக்கு, அதுலயும் திருவிழா வந்தா வகுப்பு கிடையாது.

2020 மார்ச்ல ஸ்கூல் எல்லாம் மூடுனப்ப நாங்களும் எல்லாரையும் மாதிரி ஆன்லைன் கிளாஸ்தான் முயற்சி பண்ணோம். வைபர்ல குரூப் போட்டு வாய்ஸ் மெசேஜ், வீடியோ கால் எல்லாம் ஓடுச்சு. ஆனா வீட்டுக்கு ஒரு போன்தான், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு, சாயங்காலம் அவர் வந்து சார்ஜ் போட்டுக் குடுக்குறதுக்குள்ள பிள்ளைக்கு தூக்கம் வந்துடும். அப்புறம் 2021 பிப்ரவரி, ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுடுச்சு, மத்ததை நான் சொல்லவேண்டியது இல்ல. முதல்ல ராத்திரி நெட் கட், மார்ச் நடுவுல மொபைல் டேட்டாவே போச்சு, ஏப்ரல்ல வயர்லெஸ் பிராட்பேண்டும் போச்சு. திரும்பி வந்தப்பறம் 2022 ஆரம்பத்துல டேட்டா விலை ரெண்டு மடங்கு ஆச்சு, புது சிம் வாங்குனா 20,000 கியாட் வரி வேற. 2014-ல புதுக் கம்பெனிங்க வந்து 1,500 கியாட்டுக்கு சிம் குடுத்தப்ப இனிமே ஊர் பூரா நெட்லயே படிச்சுடும்னு நாங்க எல்லாரும் நம்புனோம், அந்த நம்பிக்கை எங்க போச்சுன்னு நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

நெட் வந்தா வரட்டும், வரலேன்னா பாடம் நிக்கக்கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணது அப்பதான்.

கொலிப்ரி எப்படி வேலை செய்யுதுன்னா, லேர்னிங் ஈக்வாலிட்டினு ஒரு லாப நோக்கம் இல்லாத அமைப்பு அதை இலவசமா குடுக்குறாங்க. பாடம், வீடியோ, ஆடியோ, பிடிஎஃப், வினாடி வினா எல்லாம் ஒரு மெஷின்ல ஏத்தி வச்சுட்டா பக்கத்துல இருக்குற போன் எல்லாம் வைஃபைல அதோட சேர்ந்துக்கும், பிரவுசர்ல திறந்தா போதும். சிம் வேணாம், டேட்டா வேணாம். இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லணும்: ஸ்கிரீன் உடைஞ்ச போன், சிம் ஸ்லாட் கெட்டுப்போன போன், மாமா புதுசு வாங்குனதும் டிராயர்ல தூக்கிப் போட்ட போன், இதெல்லாம் சேகரிச்சு துடைச்சு சார்ஜ் போட்டு வச்சோம், அதுதான் எங்க கம்ப்யூட்டர் லேப். ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டுல மட்டும் பிரவுசர் ஒத்துழைக்காது, மத்ததெல்லாம் ஓடுது. மெனுவை பர்மிய மொழியில வச்சிருக்கோம், பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்கிற எழுத்துங்கிறதால தட்டித் தட்டி அவங்களே பாடத்துக்குப் போயிடுறாங்க.

இப்ப கரெண்டு கதைக்கு வர்றேன், ஏன்னா இந்த செட்டப்போட ஆயுசே அதுலதான் இருக்கு. ராஸ்பெர்ரி பைல ஹார்டு டிஸ்க் கிடையாது, எஸ்டி கார்டுலதான் எல்லாம் இருக்கும், எழுதிக்கிட்டு இருக்குறப்ப டக்குனு கரெண்டு போனா கார்டு கெட்டுப்போற வாய்ப்பு நிறைய. ரங்கூன்ல கரெண்டு முறை வச்சு வர்றது உங்களுக்கே தெரியும், அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது, சொன்ன நேரத்துக்குப் போகாது. முதல் வருஷமே கார்டு ஒண்ணு செத்துருச்சு, பிள்ளைங்களோட வினாடி வினா ரெக்கார்டு பூரா போயிடுச்சு. சரின்னு பவர் பேங்க்ல மாட்டுனோம், அதுலயும் ஒரு சிக்கல், நிறைய பவர் பேங்குக்கு கரெண்டு வர்றப்பவும் போறப்பவும் ஒரு நொடி அவுட்புட் நின்னு வரும், ராஸ்பெர்ரி பைக்கு அந்த ஒரு நொடி போதும், ரீஸ்டார்ட் ஆயிடும். கடைசியில 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு வாங்கி, அதுல இருந்து 5 வோல்ட்டுக்கு இறக்குற சின்ன கன்வர்ட்டர் போர்டு போட்டோம். பை 4 மாடலுக்கு 3 ஆம்பியர் வரைக்கும் வேணும், அதனால கன்வர்ட்டரை அதுக்கு மேல தாங்குற மாதிரி எடுத்தோம். கரெண்டு இருக்குறப்ப பேட்டரி சார்ஜ் ஆகும், போனா பைக்கு தெரியவே தெரியாது. அன்னிக்கு மாட்டுனதுதான், இன்னிக்கு வரைக்கும் பேட்டரிய மட்டும் ஒரு தடவை மாத்திருக்கோம். கூடவே கார்டோட ஒரு நகல் எப்பவும் கோவில் ஆபீஸ் அலமாரியில இருக்கும், மாசம் ஒரு தடவை புதுசா நகல் எடுத்துடுவேன். இந்த ரெண்டும் இல்லாம யாரும் ராஸ்பெர்ரி பைல ஆரம்பிக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

வைஃபை விஷயம் சுருக்கமா: பையோட சொந்த வைஃபைல பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க ஒரே நேரத்துல வீடியோ திறந்தா சுத்திக்கிட்டே நிக்கும். சாதாரண ரூட்டர் ஒண்ணு கேபிள் போட்டு மாட்டுனதும் சரியாப்போச்சு.

பாடம் எங்க இருந்து எடுக்குறோம்னு எல்லாரும் கேக்குறாங்க. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் பிடிஎஃப்பா இலவசமாவே கிடைக்குது, படமெல்லாம் அழகா இருக்கு, ஆனா அது தமிழ்நாட்டுல பொறந்து தெருவுல தமிழ் கேட்டு வளர்ற பிள்ளைக்கு எழுதுனது. 2018-ல வந்த புதுப் புத்தகத்துல கியூஆர் கோடு போட்டு வீடியோ குடுத்திருக்காங்க, அது நெட் இருந்தாத்தான் ஆகும், எங்களுக்கு உபயோகம் கம்மி. வெளிநாட்டுப் பிள்ளைங்களை மனசுல வச்சு செஞ்சதுன்னா தமிழ் இணையக் கல்விக்கழகம்தான், 2001-ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு சென்னையில ஆரம்பிச்சது. அவங்க மழலைக் கல்வியில எழுத்தும் ஒலியும் சேர்ந்து வருது, ஆரம்பப் பிள்ளைங்களுக்கு அதைத்தான் முதல்ல குடுக்குறோம். கதைக்கு, பிள்ளைங்க புத்தகம் போடுற பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட். 2015-ல இருந்து இருக்கு, நிலை வாரியா பிரிச்சு வச்சிருக்காங்க, உரிமம் திறந்த உரிமம்ங்கிறதால டவுன்லோடு பண்ணலாம், பிரிண்ட் போடலாம், மொழிபெயர்க்கலாம். நாங்க சில கதையில தமிழுக்குக் கீழ பர்மிய மொழியிலயும் ஒரு வரி சேர்த்தோம். அதுக்கப்புறம்தான் தமிழ் எழுத்தே தெரியாத அம்மாமாரும் வீட்ல பிள்ளை பக்கத்துல உக்காந்து கேக்க ஆரம்பிச்சாங்க, பிள்ளை தமிழ்ல படிக்கும், அம்மா கீழ பாத்து சரியான்னு சொல்லுவாங்க.

ஆனா அதிகமா ஓடுறது எதுன்னு ரிப்போர்ட் எடுத்துப் பாத்தா, எங்க அக்காமாருங்க போன்ல எடுத்த ரெண்டு மூணு நிமிஷ வீடியோதான். கொலிப்ரி ஸ்டூடியோல நம்ம வீடியோவையே ஏத்தி சேனல் உருவாக்கலாம், அதுக்கு மட்டும் ஒரு தடவை நெட் வேணும். அந்த வீடியோ எதனால பிடிக்குதுன்னா, பர்மிய எழுத்து தெரிஞ்ச பிள்ளைக்கு எது சுலபம் எது கஷ்டம்னு வெளியூர்ல பாடம் தயாரிக்கிறவங்களுக்குத் தெரியாது, எங்க அக்காவுக்குத் தெரியும். உதாரணத்துக்கு கெ, கொ எழுதுறப்ப கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், காதால கேக்குறது ஒண்ணு கையால எழுதுற வரிசை ஒண்ணுன்னு மத்த நாட்டுப் பிள்ளைங்க தடுமாறுவாங்க. எங்க பிள்ளைங்க தடுமாறவே மாட்டாங்க, ஏன்னா பர்மிய எழுத்துலயும் அதே மாதிரி முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னுதான் வரும். அவங்க முழிக்கிற இடம் வேற. பர்மிய எழுத்துல க வரிசைக்கே நாலு எழுத்து இருக்கு, தமிழ்ல ஒத்த க-வை வச்சுக்கிட்டு கல்லுக்கு ஒரு மாதிரி, தங்கத்துக்கு ஒரு மாதிரி, காகத்துக்கு ஒரு மாதிரி சொல்லணும்னா எப்ப எதுன்னு கேட்டு நிப்பாங்க. அக்கா அதை பர்மிய மொழியிலயே விளக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஏழெட்டு வார்த்தை சொல்லி ஒரு வீடியோ எடுத்துருக்காங்க, பெகுல இருந்து பென் டிரைவ் குடுத்து விட்டு அதையே கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

வாசிச்சா கேட்டுட்டு சரியா தப்பான்னு சொல்ற ஆப் ஒண்ணும் போன்ல போட்டோம், நெட் இல்லாமலே வேலை செய்யும், பிள்ளைங்களுக்கு நட்சத்திரம் கிடைக்குதுன்னு அவ்வளவு ஆசை. வெக்கப்பட்டு வாயே திறக்காத பையன் ஒருத்தன் அந்த போனை எடுத்துக்கிட்டு தூணுக்குப் பின்னாடி போய் உக்காந்து சத்தமா வாசிச்சான், அதுக்கே அந்த ஆப்புக்கு நன்றி சொல்லணும். ஆனா ஒரு நாள் ஒரு பொண்ணு பால்னு இருக்குறதை பா-ன்னு முடிச்சா, ஆப் சரின்னு நட்சத்திரம் குடுத்துடுச்சு. பர்மியப் பேச்சுல வார்த்தைக் கடைசியில ல், ர் எல்லாம் ஒலிக்காது, வாய் அப்படியே பழகிடுது. பக்கத்துல இருந்த அக்கா உடனே நிறுத்தி, நாக்கை மேல தொட்டு நிப்பாட்டுமான்னு தன் வாயைக் காட்டி, பால், கால், வால்னு சொல்ல வச்சாங்க, மூணாவது தடவை அந்தப் பொண்ணுக்கு வந்துடுச்சு. அன்னில இருந்து ஆப்பை தைரியம் வர்றதுக்கு மட்டும் குடுக்குறோம், உச்சரிப்புக்கு அக்காதான்.

இன்னொரு பக்கம் மெஷின் காட்டிக் குடுத்ததையும் சொல்லணும். கொலிப்ரில எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில தப்பு விடுதுன்னு தனித்தனியா தெரியும். ல, ள, ழ-தான் கஷ்டம்னு நாங்க எல்லாரும் நினைச்சு அதுக்கே நேரம் செலவழிச்சுக்கிட்டு இருந்தோம். ரிப்போர்ட்ல பாத்தா ந, ன, ண-லதான் முக்கால்வாசிப் பேர் விழுறாங்க. அக்கா பாட வரிசையையே மாத்திட்டாங்க. நோட்டைத் திருத்துறப்ப இது கண்ணுல படவே இல்ல, ஒவ்வொரு நோட்டா பாக்குறப்ப அந்தப் பிள்ளையோட தப்பாத்தான் தெரியும், மொத்த வகுப்போட தப்பா தெரியாது. டெக்னாலஜி படிப்பை மாத்துதுன்னு பெருசா பேசுறாங்களே, எனக்குத் தெரிஞ்சு மாத்துனது இதுதான், டீச்சரோட கண்ணு இன்னும் நல்லா பாக்குது.

பெரியவங்களுக்கும் இதுல ஒரு பங்கு வந்துச்சு. மதுரைத் திட்டம்னு 1998 பொங்கல்ல இருந்து பழைய தமிழ் நூலை எல்லாம் இலவச மின்னூலா போட்டுக்கிட்டு வர்றாங்க, எழுத்து மட்டும்தாங்கிறதால ஃபைல் ரொம்ப சின்னது. குறளும் தேவாரமும் அதுல இருந்து எடுத்து கொலிப்ரில ஏத்தி வச்சோம். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற தாத்தா ஒருத்தர் எழுத்தைப் பெருசு பண்ணி வச்சுக்கிட்டு வகுப்பு முடியுற வரைக்கும் தேவாரம் படிப்பாரு, கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன் பாருன்னு எல்லார்கிட்டயும் காட்டுவாரு. இப்ப அவரையே சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடிக் காட்டச் சொல்லி ரெக்கார்டு பண்ணி அதையும் சேத்துட்டோம்.

ஏஐ பத்தியும் கேக்குறாங்க. நெட் நல்லா இருக்குற நாள்ல பயிற்சித் தாளுக்கு வாக்கியம் எழுதி வாங்கிருக்கோம், வேலை சீக்கிரம் முடியுது, ஆனா அக்கா ஒருத்தர் வரி வரியா பாத்துத் திருத்தாம பிள்ளைங்க கையில குடுக்குறது இல்ல. 2024 மே கடைசியில இருந்து, தடை பண்ண சைட்டைத் திறக்க உதவுற விபிஎன்னையும் தடுக்க ஆரம்பிச்சதால எந்த நாள் எது திறக்கும்னு சொல்ல முடியாது. அதை நம்பி வகுப்பு நடத்த முடியாது, கிடைச்சா பயன்படுத்திக்கலாம், அவ்வளவுதான். காசு கட்டி சேர்ற லைவ் கிளாஸ் ஆப்பும் அதே மாதிரிதான், நல்ல டீச்சருங்க இருக்காங்க, ஆனா கரெண்டும் நெட்டும் ஒண்ணா இருக்குற நேரத்துல கிளாஸ் வரணும், அந்த நேரத்துல வீட்ல போனும் இருக்கணும். எங்க வகுப்புல இருந்து சேந்த பிள்ளைங்க யாரும் முடிக்கல, கட்டுன காசும் திரும்ப வரல. வசதியான வீட்டுக்கு ஒத்துவரும், கூலி வேலைக்குப் போற வீட்டுக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

எழுதுற பழக்கம் மட்டும் போன்ல வராது. அதனால வகுப்பு நேரத்துல பாதி நோட்டும் பென்சிலும்தான், போன் எல்லாம் கூடையில இருக்கும். இதுல அக்காமாருங்க ரொம்பக் கறார், நானும் அவங்க பக்கம்தான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, முதல் நாளே எல்லாம் வாங்கவேண்டியது இல்ல. பழைய லேப்டாப் ஒண்ணு இருந்தா அதுலயே கொலிப்ரி போட்டுப் பாருங்க, விண்டோஸ்லயும் ஓடும், லேப்டாப் பேட்டரி இருக்குறதால கரெண்டு பயமும் இல்ல. பாடம் எல்லாம் நாங்க பென் டிரைவ்ல ஏத்திக் குடுக்குறோம், கொலிப்ரில யுஎஸ்பில இருந்தே இறக்கிக்கலாம், நீங்க டேட்டா செலவழிக்க வேணாம். யாராவது ரங்கூன் வந்தா கோவிலுக்கு வந்து வாங்கிக்கங்க. காலியா 64 ஜிபி இருந்தா எங்ககிட்ட இருக்குறது பூரா அடங்கும். அப்புறம் பேட்டரிக்குப் போறப்ப ரூட்டர் எத்தனை வோல்ட்னு பாத்துக்கங்க. 12 வோல்ட் ரூட்டரா இருந்தாலும் பேட்டரியில நேரா மாட்டாதீங்க, சார்ஜ் ஏறுறப்ப 14 வோல்ட்டுக்கு மேல போகும், நடுவுல ஒரு ரெகுலேட்டரும் ஃபியூஸும் போட்டுடுங்க.