பழைய கிங்கா, புது கிங்கா?

மன்னார்குடிப் பக்கம் அமெரிக்கத் திகில் கதைக்காரர் ஸ்டீபன் கிங்கைப் படிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான் இருக்கிறோம், அதிலும் இரண்டு கட்சி. எண்பதுகளோடு கிங் முடிந்துவிட்டார், இப்போது எழுதுவதில் பயமே இல்லை என்று ஒரு கட்சி. இப்போதுதான் மனுஷர்களைப் பற்றி எழுதுகிறார் என்று இன்னொன்று. நல்லவேளையாக அவரே ஒரே கதையை இரண்டு வெவ்வேறு வயதுகளில் எழுதி வைத்திருக்கிறார். முப்பதுகூட ஆகாதபோது 1977இல் 'தி ஷைனிங்', அறுபதைத் தாண்டி 2013இல் அதன் தொடர்ச்சி 'டாக்டர் ஸ்லீப்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

'ஷைனிங்'கில் கொலராடோ மலையில் பனிக்காலத்துக்கு மூடிவிட்ட ஒரு ஹோட்டல், அதைப் பார்த்துக்கொள்ள வரும் ஜாக், மனைவி வெண்டி, மற்றவர் மனசில் இருப்பதும் வரப்போவதும் தெரிந்துவிடுகிற சக்தியுள்ள ஐந்து வயது மகன் டேனி. அவ்வளவுதான். பனியை நாம் பார்த்ததில்லை, ஆனால் பிள்ளைகள் அமெரிக்கா போனபின் பூட்டிக்கிடக்கும் அக்ரஹாரத்து இரண்டு கட்டு வீடும், அதற்குக் காவலாகக் கொல்லைப்புறம் குடியிருக்கும் குடும்பமும் டெல்டாக்காரனுக்குத் தெரியும், அதனால் அந்த ஹோட்டலுக்குள் நுழைவது கஷ்டமாக இல்லை. கஜா புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரிகளில் இதைப் படித்தேன். இருட்டு செய்த வேலையோ என்று சந்தேகப்பட்டுப் பின்னாடி பட்டப்பகலிலும் படித்தேன், அதே நடுக்கம்தான்.

காரணம் ஹோட்டலின் 217ஆம் அறைப் பேய் இல்லை, அப்பன்காரன். குடிவெறியில் ஒருமுறை மகன் கையை முறித்தவன், இப்போது குடியை விட்டிருக்கிறான், 'அது வேணும்னு செஞ்சதில்லையே' என்கிற சமாதானம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நாமும் பாதி நம்பிவிடுகிறோம். நடையும் அப்படித்தான். ஒரு வாக்கியம் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் அடைப்புக்குறிக்குள் வேறொரு நினைப்பு, புள்ளி கமா எதுவும் இல்லாமல், வந்து முட்டும். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதே தெரியாமல் எழுதினேன் என்று கிங் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்போது அவரும் குடித்துக்கொண்டிருந்தவர்.

எண்பதுகளின் கடைசியில் விட்டார். 'டாக்டர் ஸ்லீப்' அதற்கெல்லாம் அப்புறம் வந்த புத்தகம், டேனி வளர்ந்து, அப்பனைப் போலவே குடித்து, குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குப் போய்த் திருந்துகிறான். மீண்டவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. வாக்கியங்கள் இடறாமல் ஓடுகின்றன, ஆள்கள் நிறையப் பேசுகிறார்கள், கதை அமெரிக்கா முழுக்கச் சுற்றுகிறது. வில்லன்கள் பெரிய பெரிய வண்டிகளில் ரிட்டையர் ஆனவர்கள் மாதிரி ஊர் சுற்றும் ஒரு கூட்டம், டேனியைப் போல சக்தியுள்ள குழந்தைகளைச் சித்திரவதை செய்து அதிலிருந்து வருவதை உண்டு வாழ்கிறவர்கள். ஒரு பேஸ்பால் பையனை அவர்கள் கொல்லும் இடம் பழைய கிங்கேதான், குலை நடுங்கும். அப்புறம் பார்த்தால் அந்தக் கூட்டத்துக்கு மணல்வாரி அம்மை வந்து ஒவ்வொருவராகச் சாகிறார்கள்! அதோடு எனக்குப் பயம் போய்விட்டது. இவ்வளவு சீக்கிரம் தளர்ந்துபோகும் பேய்களை எழுபதுகளின் கிங் எழுதியிருக்க மாட்டார்.

ஆனாலும் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் டேனி வேலை பார்க்கும் பகுதிகளை விட்டுக்கொடுக்க மாட்டேன். சாகப்போகிறவர் அறைக்கு ஒரு பூனை முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ளும், அதைப் பார்த்து டேனி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வான். நம்மூரில் கடைசி நேரத்தில் வாயில் பால் விட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருப்பார்களே, அந்த நிதானம் அதில் இருக்கிறது. இளம் கிங்குக்குச் சாவு என்றால் பயமுறுத்த ஒரு சாமான் மட்டும்தான்.

பயம்தான் வேண்டும் என்றால் 'ஷைனிங்', அதில் எனக்குப் பேச்சே இல்லை. ஐம்பது தாண்டிய நண்பர்களுக்கு 'டாக்டர் ஸ்லீப்' கூடுதலாகப் பிடிக்கிறது, எனக்கும் வருஷா வருஷம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஒன்று மட்டும், 1980இல் வந்த 'ஷைனிங்' படத்தைப் பார்த்துவிட்டு நேராக இரண்டாவது நாவலுக்குப் போகாதீர்கள். படத்தில் ஹோட்டல் அப்படியே நிற்கும், நாவலில் அடித்தளத்து பாய்லர் வெடித்து எரிந்து போகும். 'டாக்டர் ஸ்லீப்'பின் உச்சக்கட்டம் நடப்பது அந்த எரிந்த இடத்தில்தான், முதல் நாவலைப் படிக்காதவருக்கு ஹோட்டல் எங்கே போச்சு என்றே புரியாது.