மின்தடையை அளக்க: இருமுனையா, நான்முனையா?

1 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 0.017 ஓம்தான். சாதாரண மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்துப் பாருங்கள், அதைப்போல் பல மடங்கு காட்டும். கம்பியோடு மீட்டரின் ஒயர்களையும் தொடுமிடங்களையும் சேர்த்தே அளந்துவிட்டோம்.

நான்முனை முறையில் கம்பியின் மேல் நான்கு முனைகளை வரிசையாக வைக்கிறோம். வெளிமுனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்தும். உள்முனைகள் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் கிட்டத்தட்ட போகாததால் தொடுமிடத் தடை கணக்கில் சேராது. மீக்கடத்தியின் (போதிய அளவு குளிர்த்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருளின்) தடை சுழியாகும் அந்தத் தருணத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுவே. இருமுனையில் ஒயரின் தடை எப்போதும் மிச்சமிருக்கும்.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. முனைகளுக்கிடையே வெப்பநிலை வேறுபட்டால் சில மைக்ரோவோல்ட் தானாகவே எழும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபடி அளந்து, இரண்டிலிருந்தும் சராசரி தடையைக் கணக்கிட்டால் அது நீங்கிவிடும். புதிதாக ஆய்வுக்கூடம் வருபவர்கள் இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

மாதிரியின் தடை கிலோ ஓம், மெகா ஓம் அளவில் இருந்தால் இருமுனையே போதும். அங்கே ஒயரின் அரை ஓம் ஒரு பொருட்டே அல்ல.