இரண்டு பம்புகளைக் காவு வாங்கிய எர்த் போல்ட்

என்னுடையது 17 வருடப் பழைய பெட்ரோல் கார். கூடவே வந்த ஃப்யூயல் பம்ப் (டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுவது) 12 வருடம் உழைத்துவிட்டுப் போனது, அதில் வருத்தமில்லை. அதற்குப் பிறகு போட்டது 14 மாதத்தில் போனது. அடுத்தது 9 மாதம். இப்போது இருப்பது நான்காவது. மூன்று வருடம், 38,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

இரண்டு முறையும் அறிகுறி ஒன்றுதான். முக்கால் மணி நேரம் ஓடியதும் மேட்டில் இழுவை குறையும், திக்கித் திக்கி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய உறுமல், போகப் போகக் கீச்சென்று மாறியது.

முதல் தடவை போலி உதிரிபாகம் என்று முடிவு கட்டினேன். அடுத்ததைப் பார்த்துப் பார்த்து வாங்கியும் அதுவும் போனபோதுதான், இனி காரணம் தெரியாமல் புதுப் பம்பை மாட்டுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

டேங்க்கைத் திறந்தால் பம்பின் சல்லடையில் துருத்தூள் அப்பியிருந்தது. ஃபில்டரை எடுத்து வந்த வழியே கவிழ்த்தால் கறுப்பாகக் கொட்டியது. அடைத்த ஃபில்டரை எதிர்த்துத் தள்ளும் பம்ப் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும். சரி, இதுதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் பம்ப் கனெக்டரில் ஒரே ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. துருவால் அப்படி ஆகாது.

அது எர்த் பின், அதாவது பம்புக்கு வந்த கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம். ஓம் மீட்டரில் அந்த ஒயர் 0.4 ஓம் காட்டியது. மீட்டரின் ஒயரிலேயே அவ்வளவு இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். தவறு அங்கேதான். பம்ப் ஓடும்போது வோல்ட் பார்க்க வேண்டும். அளப்பதற்காகப் புதுப் பம்பை மாட்டி, இன்ஜின் ஓட, பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. பம்பின் இரண்டு பின்களுக்கு நடுவே 11.2 மட்டுமே. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.4 வோல்ட், எர்த் பக்கம் 2.3. பம்ப் இழுத்தது ஏறக்குறைய 6 ஆம்பியர். அப்படியென்றால் 14 வாட் சூடு அந்தப் பாதையில் வீணாகிக்கொண்டிருந்தது. பம்போ வேகம் குறைந்து, தேவையான பெட்ரோலைத் தள்ள முடியாமல் திணறியது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிக்கியில், கார்ப்பெட்டுக்கு அடியில், பாடியில் முடுக்கியிருந்த போல்ட். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றினால் வாஷருக்கு அடியில் முழுக்கத் துரு. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். ஒயருக்குப் புது முனையும் புதுக் கனெக்டரும் போட்டேன். எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட் ஆனது, பம்புக்கு 13.4 வந்தது. அளப்பதை எல்லாம் டேங்க்குக்கு வெளியே உள்ள கனெக்டரில், மூடியை மூடிவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

அப்புறம் என் பழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொண்டேன். ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டுவேன். டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். இப்போது கால் டேங்க்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எர்த் இழப்பை அளந்து, சர்வீஸ் நோட்டில் குறித்து வைக்கிறேன். போன வாரமும் 0.1 தான்.